ஆலை அறிந்ததைச் சேரி அறியக் கூடாதா?

1982ஆம் ஆண்டு மே மாதம், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையகம் அனுப்பிய மூவர் குழு போபால் ஆலையைச் சோதித்தது. நச்சுப்பொருள் வெளியேறும் வாய்ப்பு உட்படப் பல அபாயங்களை அக்குழு அறிக்கையாக எழுதிக் கொடுத்தது. அறிக்கை நிறுவனத்தின் கோப்பில் உறங்கியது. ஆலைக்கு எதிரே குடிசைகளில் வாழ்ந்தோர் அதைக் கண்டதில்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் நச்சுவாயு முதலில் நுழைந்தது அவர்களுடைய வீடுகளுக்குள்தான். அதன் பிறகே அறிக்கை வெளியே வந்தது.

தன் குறைகளைத் தானே கண்டறிந்து ஒரு நிறுவனம் எழுதி வைக்கும் இத்தகைய தணிக்கை அறிக்கையைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? அமெரிக்க மாநிலங்கள் பலவும் நிறுவனங்களின் பக்கம் நின்றே இதற்கு விடை கூறின. 1993இல் ஓரிகனும் 1995இல் டெக்சஸும் இதற்கெனச் சட்டம் இயற்றின. தானாக முன்வந்து செய்த சுற்றுச்சூழல் தணிக்கையின் அறிக்கையை, பாதிக்கப்பட்டவர் தொடுக்கும் உரிமையியல் வழக்கில்கூடச் சான்றாகக் கொண்டுவர முடியாதபடி காப்பு வழங்கப்பட்டது. சட்டப்படி கட்டாயமாகத் தர வேண்டிய தரவுகளுக்கு இக்காப்பு இல்லை என்பது உண்மையே. ஆனால் ஆலைக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பதைச் சொல்வது அந்தத் தணிக்கைத் தாள்தான்.

“எழுதியதே எங்களுக்கு எதிராகத் திரும்புமானால் யார் எழுதுவார்?” என்பது நிறுவனங்களின் வாதம். அதில் சிறிது நியாயம் உண்டு. ஆனால் அதற்கான மருந்து வேறு. அமெரிக்க நடுவண் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995இல் வெளியிட்ட கொள்கையில், மீறலைத் தானே கண்டுபிடித்து, விரைந்து அறிவித்து, சரிசெய்பவருக்கு அபராதத்தைக் குறைத்தது. அறிக்கையை மறைக்கும் சட்டங்களை அது எதிர்த்தது. தண்டனையைக் குறைப்பது வேறு, தாளை ஒளிப்பது வேறு.

இந்த விவாதம் நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளை அறிவித்துள்ளது. பதிவுபெற்ற தனியார் தணிக்கையாளர்கள் இனி ஆலைகளைச் சோதிப்பர். எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பதைக் குலுக்கல் முறை போலத் தீர்மானிக்கும் ஏற்பாட்டை வரவேற்கிறோம். குஜராத்தில் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் இம்முறையைச் சோதித்தனர். தணிக்கையாளரை ஆலையே தேர்ந்து ஊதியம் தந்தபோது அறிக்கைகள் பொய்த்தன. பொது நிதியிலிருந்து ஊதியம் தந்து, ஆலையையும் பிறர் ஒதுக்கியபோது உண்மை எழுதப்பட்டது, மாசும் குறைந்தது.

எனினும் அந்த உண்மை யார் கைக்கு எட்டும் என்பதே எங்கள் கவலை. நம் நாட்டில் தணிக்கைக்கெனத் தனிக் காப்புச் சட்டம் இல்லை. அதற்கான கதவுகள் மட்டும் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஈ) பிரிவிலுள்ள ‘வணிக இரகசியம்’ ஒன்று. வழக்கறிஞர் வழியாகத் தணிக்கை நடத்தி, சாட்சியச் சட்டம் வழக்கறிஞர்–கட்சிக்காரர் உறவுக்குத் தரும் பாதுகாப்பைக் கோருவது மற்றொன்று. இவற்றோடு, 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்கு இருந்த ஐந்தாண்டுச் சிறையை நீக்கி, 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக்கிவிட்டது. தண்டனைதான் ஏற்கெனவே குறைந்துவிட்டதே! பிறகு மறைப்பதற்கு என்ன தேவை?

தலித் மக்களுக்கு இது ஆவணச் சிக்கல் மட்டுமன்று. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே, பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீர்நிலையைப் பிறர் கெடுப்பதைக் குற்றமாக்கியது. சாய ஆலையும் தோல் ஆலையும் கழிவை விடும் வாய்க்கால் பெரும்பாலும் ஊர்த்தெருவைத் தொடாமல் சேரிக் கிணற்றை ஒட்டியே ஓடுகிறது. அங்கே இப்பிரிவைப் பயன்படுத்த முனைந்தால் முதலில் எழும் எதிர்வாதம், ‘கழிவு கசிவது எங்களுக்குத் தெரியாது’ என்பதுதான். அந்த வாதத்தை உடைக்கக்கூடிய சான்று ஆலையின் அலமாரியில் இருக்கிறது.

ஆகவே, தணிக்கை அறிக்கை முழுமையாக, தமிழில், ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்கிறோம். வணிக இரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் பெரிதெனில் தகவலைத் தரலாம் என்று அதே 8(1)(ஈ) பிரிவு கூறுவதைச் சுட்டி மேல்முறையீடு செய்வோம். கிணற்று நீரைக் குடிப்பவர் மனுதாரராக நிற்கும்போது பொதுநலன் எங்கே என்று தகவல் ஆணையம் கேட்க இயலாது.