ஸ்க்ரூஜும் மூணாறு பொம்பளைங்களும்

டிசம்பர் வந்தாப் போதும், இங்கே நம்மாளுங்க வீட்டு டிவியில ஸ்க்ரூஜ் வந்து உக்காந்துடுவார். எனக்கும் பிடிக்கும்தான். 1951ல வந்த அலஸ்டேர் சிம், 1992ல மப்பெட் பொம்மைங்களோட மைக்கேல் கெய்ன்... ரெண்டையும் எத்தனை தடவை வேணாலும் பார்ப்பேன்.

ஆனா ஒண்ணு உறுத்துது மக்களே. முதலாளிக்கு ராத்திரி ஆவி வரணும், காலையில மனசு இளகணும், அப்புறம்தான் குமாஸ்தாவுக்குச் சம்பளம் கூடும். 'கூட்டிக் கொடுங்க'ன்னு அவர் ஒரு வார்த்தை கேட்கிறதில்லை!

எங்க ஊர் சித்திரபுரம். பக்கத்து மூணாறுல 2015 செப்டம்பர்ல போனஸ் 10 சதவீதம்தான்னு ஆனதும், தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்க, பெரும்பாலும் தமிழச்சிங்க, ரோட்டுல உக்காந்தாங்க. தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்ட சேர்க்கலை. ஒன்பது நாள். 20 சதவீதம் வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க. அதுல பாதிக்கு மேல 'கருணைத் தொகை'ன்னு கணக்காம். கருணையாவது! எந்த ஆவி வந்துச்சு?

'கதைதானே, விடுப்பா'ம்பீங்க. டிக்கன்ஸே 1843ல குழந்தைத் தொழிலாளர் அறிக்கையைப் படிச்சுக் கொதிச்சவர்தான். முதல்ல துண்டுப்பிரசுரம் எழுதத்தான் நினைச்சார். அந்தக் கோபத்தை விட்டுட்டு பனியையும் வான்கோழியையும் மட்டும் ரசிக்கிறது நியாயமா?

பிள்ளைங்களுக்குப் படத்தைப் போடுங்க. முடிஞ்சதும் மூணாறு அத்தைங்க கதையையும் சொல்லுங்க.