முதுமையில் முளைக்கும் நட்பு

முதியோர் இல்லம் என்ற பேச்சு எழுந்தவுடன் நம்மவர் கேட்கும் வினா ஒன்றுதான்: “ஏன், பிள்ளைகள் இல்லையா?” பிள்ளை பெற்றவர் அங்குச் செல்வது குடும்பத்துக்கு இழுக்கு என்பது பலருடைய துணிபு. அவ்வினாவை இன்று ஒருபுறம் வைத்துவிடுவோம். பட்டிமண்டபங்களில் அதைப்பற்றி வேண்டிய அளவும், சில வேளை வேண்டாத அளவும், பேசியாகிவிட்டது. இல்லத்துக்குச் சென்று சேர்ந்தவர் மறுநாட் காலையில் யாரோடு பேசுகிறார் என்பதே நாம் கேட்க விரும்புவது. சோறும் கட்டிலும் மருந்தும் கொடுக்கப் பல கைகள் இருக்கின்றன. எழுபது வயதுக்கு மேல் ஒருவருக்குப் புதிய தோழர் ஒருவரை யார் கொடுப்பது?

இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் 1981இல் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேற்பட்டுவிட்டனர். மட்டக்களப்பில் இக்கணக்கோடு வேறொரு கணக்கையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். போர் கொண்டுபோனவர்கள், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்கள், கனடாவும் இலண்டனும் அவுஸ்திரேலியாவும் அழைத்துக்கொண்டவர்கள் எனப் பலர் இல்லாத வீடுகளிலே முதியோர் எஞ்சி நிற்கின்றனர்.

இப்பகுதியின் குடும்ப வழக்கம் இவ்விடயத்தில் கவனிக்கத்தக்கது. எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், மணமானதும் ஆண்மகன் மனைவியின் வீட்டுக்குச் செல்வதே இங்குத் தொன்றுதொட்ட நடைமுறை. வீடு பெண்ணுக்குச் சீதனம். அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்து, ஒருத்தியின் அடுப்பில் மற்றவள் நெருப்பெடுத்து, கிழவிகளாகும் வரை பேசிக்கொண்டிருந்தனர். ஆணோ தன் பால்யத் தோழரை இளமையிலேயே வாவியின் அக்கரையில் விட்டுவந்தவன். தொழில் இருக்கும்வரை அதை அவன் உணர்வதில்லை. இளைப்பாறிய மறுமாதம் உணர்கிறான். இன்று சகோதரியர் வளவுகளிலும் கதவுகள் பூட்டிக் கிடப்பதால், ஆண்களைப் பிடித்த அத்தனிமை பெண்களையும் பிடித்துக்கொண்டது.

திருவள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தலையும், அதனை அடுத்துப் பழைமையையும் வைத்தார். அறிதல், ஆராய்தல், பின் நெடுங்காலம் பழகிப் பெறும் உரிமை என்பதாக அவ்வரிசை அமைந்திருக்கிறது. இளைஞனுக்கு அதற்குக் காலம் உண்டு. எழுபத்தைந்தாவது வயதில் ஒரு பெட்டியோடும் செபப் புத்தகத்தோடும் வந்திறங்கும் ஒருவருக்கு ஆராயவும் பழகவும் இன்னும் முப்பது ஆண்டுகள் எங்கே இருக்கின்றன? பழைமை இல்லாத இடத்தில் பழைமையை எவ்வாறு உண்டாக்குவது என்பதே அங்கு எழும் சிக்கல்.

கிறிஸ்தவ இல்லம் ஒன்றில் இதற்கு ஒரு வாய்ப்பு இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. வாழைச்சேனையில் வளர்ந்தவரும் தாண்டவன்வெளியில் வளர்ந்தவரும் அறுபது ஆண்டுகளாக ஒருவரையொருவர் கண்டிராமல் இருக்கலாம். ஆனால் ஆறு வயதில் இருவரும் ஒரே மன்றாட்டை மனனம் செய்தவர்கள். ஒரே தபசு காலத்தில் ஒரே உணவை விட்டவர்கள். நத்தார் இரவுப் பூசையில் ஒரே பாட்டுக்கு உறக்கம் கலைந்தவர்கள். செபமாலை சொல்லும்போது ஒருவர் தொடங்க, மற்றவர் முடிக்கவேண்டும். தனியே சொல்பவருங்கூட மறுபாதியைத் தாமே சொல்லி நிறைவு செய்கிறார். மாலையில் அடுத்த நாற்காலியிலிருந்து அம்மறுபாதி தாமாகவே வந்து சேரும்போது, முன்பின் அறியாத இருவரிடையே அரை நூற்றாண்டுப் பழக்கம் ஒரு கணத்தில் பிறந்துவிடுகிறது.

எனினும், வாயிலில் சிலுவையும் பெயர்ப்பலகையும் வைத்துவிட்டால் நட்பு தானே விளையும் என எண்ணுதல் பேதைமை. கத்தோலிக்கர் பாடும் பாட்டு வேறு, மெதடிஸ்தர் பாடும் பாட்டு வேறு. ஒரே மதத்தவர்க்கிடையே உண்டாகும் மனத்தாங்கல் அயல் மதத்தவரோடு உண்டாவதைவிட நெடுநாள் நிற்கும் என்பது கோயிற் சபைகளில் இருந்தவர் அறிந்ததே. நல்லவேளையாக, மட்டக்களப்பாருக்கு மதம் கடந்த வேறொரு பழைமையும் உண்டு. “1978 நவம்பர்ச் சூறாவளி அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டுப்பாருங்கள். வாய் திறவாதவரும் வாய் திறப்பர். கூரை பறந்த கதை, தென்னைகள் முறிந்த கதை, விடியற்காலையில் ஊரையே அடையாளம் காணாது நின்ற கதை என அவ்விரவு அறுபதைக் கடந்த அனைவர்க்கும் பொதுச்சொத்து. 1990ஐப் பற்றிய கதைகள் அத்துணை எளிதில் வருவதில்லை. அவை நட்பு முற்றிய பின்னரே வரும். சிலரிடம் அப்பொழுதும் வாரா.

சேர்ந்து முதிர்வதை ஒரு முறையாகவே கைக்கொண்டோர் துறவற சபையினர். அவர்களுள் மட்டக்களப்பு நன்கறிந்த ஒருவர் அருட்தந்தை பெஞ்சமின் ஹென்றி மில்லர். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே 1925இல் பிறந்து, 1948இல் இயேசு சபைத் துறவியாக இங்கு வந்தார். புளியந்தீவில் வாவியருகே நிற்கும் புனித மிக்கேல் கல்லூரியே அவருடைய இல்லமாயிற்று. அதே நாட்டிலிருந்து வந்த தோழர் பலர் உடனிருந்தனர். மாணவரை விளையாட்டு வீரர்களாக்கிய வெபர் அடிகள் 1998இல் மறைந்தார். நகரின் விளையாட்டரங்கு அவர் பெயர் தாங்கி நிற்கிறது. ஹேபர்ட் அடிகள் 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில், உடன் வந்த இளைஞரொருவரோடு காணாமற் போனார். இன்றுவரை அவர் திரும்பவில்லை. அந்நாட்களில் காணாமற் போனோருக்காகப் பெற்றோர் வந்து தட்டிய கதவுகளுள் மில்லர் அடிகளுடையதும் ஒன்று. சமாதானக் குழுவில் இருந்து, அவர்கள் கூறியவற்றைப் பதிவு செய்து, அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஓய்வுக்காலத்தைக் கழிப்பதற்கெனப் பிறந்த நகருக்குச் சென்றவர் அங்கே தங்கிவிடவில்லை. முதியவருக்கு வேண்டிய வைத்திய வசதி யாவும் நிறைந்த நாட்டை விட்டு மீண்டும் மட்டக்களப்புக்கே வந்து, 2019ஆம் ஆண்டின் முதல் நாளில் தமது 93ஆம் வயதில் கண்மூடினார். கூட வந்த தோழருட் பெரும்பாலோர் அதற்கு முன்பே போய்விட்டனர். ஆயினும் தெருவில் இறங்கினால் பெயர் சொல்லி அழைக்கும் பழைய மாணவர் இருந்தனர். இன்னும் விடை கிடைக்காத தாய்மார் இருந்தனர். எழுபது ஆண்டு பழகிய ஊர் பிறந்த ஊரை வென்றுவிட்டது.

இச்சபையின் வழக்கமொன்று நம் இல்லங்களை நடத்துவோர் அறியத்தக்கது. ஒவ்வொரு துறவியின் பெயருக்கும் எதிரே அவர் ஆற்றும் பணியைக் குறிக்கும் ஆண்டுப் பட்டியலொன்று அவர்களிடம் உண்டு. நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும் முதியவரின் பெயருக்கு எதிரேயும் அவ்விடம் வெறுமையாக விடப்படுவதில்லை. திருச்சபைக்காகவும் சபைக்காகவும் செபிப்பவர் என எழுதப்படுகிறது. இது வெறும் சொல்லலங்காரம் என்பாரும் இருக்கலாம். ஆனால், பணியுள்ளவராக மதிக்கப்படுவரிடம் பிறர் ஏதேனும் கேட்டு வருவர். கேட்டு வருவோர் உள்ளவரைத் தனிமை எளிதில் அண்டாது.

இதற்கு நேர்மாறான நடைமுறையை நாம் எங்கும் காண்கிறோம். பிறந்தநாளும் நினைவுநாளும் வந்தால் முதியோர் இல்லத்துக்கு மதிய உணவு கொடுக்கிறோம். நல்ல வழக்கமே, குறை சொல்வதற்கில்லை. ஆயின் வருபவர் கொடுப்பவராகவும் இருப்பவர் பெறுபவராகவும் நிற்கும் அந்த அரைமணி நேரத்தில் ஒரு புகைப்படம் பிறக்கிறதேயன்றி நட்புப் பிறப்பதில்லை. நாள்தோறும் பெற்றுக்கொண்டே இருப்பவர், தம்மிடம் கொடுக்க ஒன்றுமில்லை என நம்பத் தொடங்குகிறார். பின்னர் அடுத்த கட்டிலில் இருப்பவரிடங்கூட எதையும் கேட்கக் கூசுகிறார்.

உலகெங்கும் முதியோர் இல்லங்களை நடத்தும் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையின் தொடக்கத்தை இங்கு நினைவுகூரலாம். பிரான்சு நாட்டில் 1837ஆம் ஆண்டளவில், வீட்டு வேலை செய்து பிழைத்த ஜான் ஜுகான் என்னும் நாற்பத்தைந்து வயதுப் பெண், எழுபதைக் கடந்த தோழி ஒருத்தியோடு சேர்ந்து ஒரு சிறு குடியிருப்பை வாடகைக்கு எடுத்தாள். பதினேழு வயது அநாதைப் பெண்ணொருத்தியும் வந்து சேர்ந்தாள். மூவரும் ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாகச் செபித்தனர். 1839இல் பார்வையிழந்த முதியவள் ஒருத்தியை வீட்டுக்குக் கொணர்ந்து, ஜான் தன் கட்டிலையே அவளுக்குக் கொடுத்தாள். ஆக, அச்சபையின் முதல் இல்லம் எழுந்தது ஏற்கெனவே மூன்று தலைமுறைப் பெண்கள் நட்புக் கொண்டிருந்த ஒரு வீட்டில். அச்சபையினர் 1888இல் கொழும்புக்கும் வந்தனர்.

முதுமையில் நட்பு பெருஞ்செயல்களால் தொடங்குவதில்லை. மூக்குக்கண்ணாடியை மறந்தவருக்கு மரண அறிவித்தற் பக்கத்தை வாசித்துக் காட்டுவதில் தொடங்கும். “டீச்சர், உங்கள் மருந்து எட்டு மணிக்கல்லவா?” என்பதில் தொடங்கும். மீன் குழம்பில் புளி கூடிற்று என்று இருவர் சேர்ந்து குறை சொல்வதிலும் தொடங்கலாம். அது மட்டக்களப்பில் மிகவும் உறுதியான தொடக்கம். ஆகவே உணவுக்கூடத்தில் எங்கே, யார் அருகே அமர்வது என்பதை முதியவரே தீர்மானிக்கட்டும். இருவர் கோபித்துக்கொண்டால் மேற்பார்வையாளர் ஓடி வந்து இடம் மாற்றிவிடுதல் கூடாது. சண்டையிட உரிமையில்லாத இடத்தில் சமாதானமும் இல்லை, நட்புக்கும் வழியில்லை.

இந்நகரின் பறங்கியர் சமூகத்தை எண்ணிப் பார்க்கின்றோம். போர்த்துக்கேய மொழியின் வழிவந்த கிறியோல் மொழியை வீட்டிலே பேசும் முதியோர் இன்னும் சிலர் அவர்களிடையே உளர். அவர்கள் வாழ்ந்த கடலோரக் குடியிருப்பான டச்பாரை 2004இல் ஆழிப்பேரலை அழித்தது. அத்தகைய முதியவர் ஒருவரைத் தமிழ் மட்டும் பேசும் இல்லத்தில் தனியே சேர்த்தால் அவருக்குக் குறைவின்றி உணவு கிடைக்கும். அவருடைய வேடிக்கைப் பேச்சுக்குச் சிரிக்க ஆளிராது. ஒரு மொழி உயிரோடிருக்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அவ்விருவரையும் ஒரே விறாந்தையில் அமரச்செய்வது நிருவாகத்துக்கு ஒரு செலவும் இல்லாத காரியம்.

மரணத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். இத்தகைய இல்லங்களில் தோழமை கொள்ளத் தயங்குவோர் பலர், “இன்னொருவரை இழக்க என்னால் ஆகாது” என்பர். அது நியாயமான அச்சமே. அதைப் பெரிதாக்குவது, இறந்தவரை இரவோடிரவாக அகற்றி, காலையில் வெறுங்கட்டிலைக் காட்டும் வழக்கம். மற்றவர் மனம் வருந்தும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். எண்பது வயதுவரை மரணங்களையே கண்டு வந்தவரிடமிருந்து எதை மறைக்கிறோம்? தோழியின் தலைமாட்டில் அமர்ந்து செபமாலை சொல்லவும், சேமக்காலை வரை செல்லவும் அவருக்கு உரிமை வேண்டும். ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்ட கோப்பெருஞ்சோழன், வடக்கிருந்தபோது பிசிராந்தையாருக்கென ஓர் இடத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னான். அவர் வந்து அவ்விடத்தில் அமர்ந்தார். அதே பிசிராந்தையார், தமக்கு நரை தோன்றாமைக்குக் கூறிய காரணங்களின் முடிவில் தம் ஊரில் வாழும் சான்றோரைக் குறிப்பிடுகிறார் என்பதையும் ஆசிரியர்கள் அறிவர்.

ஒளிவிழாக் காலத்தில் பேருந்தொன்றில் மாணவரை ஏற்றிச் சென்று, மூன்று பாட்டுப் பாடி, இனிப்பு வழங்கித் திரும்பும் பாடசாலைகளுக்கு ஒரு விண்ணப்பம். அந்த ஒரு நாளை நாற்பது வாரங்களாகப் பிரித்து, வாரந்தோறும் இருவரை மட்டும் அனுப்புங்கள். அவர்கள் கையில் இனிப்புக்குப் பதிலாகத் தீராத கணக்கொன்றோ, பொருள் விளங்காத செய்யுளொன்றோ, தைக்கத் தெரியாத சட்டையொன்றோ இருக்கட்டும். இல்லங்களில் இளைப்பாறிய கணித ஆசிரியர்களும் பண்டிதர்களும் தையலாசிரியைகளும் இருக்கின்றனர். பிள்ளை போன பிறகு அக்கணக்குக்குச் சரியான வழி எது என்று இரு முதியவர் இராச்சாப்பாடு வரை வாதாடுவார்களானால், மேற்பார்வையாளர் விளக்கை அணைக்கச் சற்றுத் தாமதிக்கட்டும்.