பெயரில்லாத குளிசைகள்

பிஸ்கட் பக்கற் ஒன்றை வாங்கினால் திருப்பிப் பார்க்கிறோம். ஹலால் இலச்சினை இருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா என்று பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. நல்ல பழக்கம். ஆனால் அதே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாமசிக்குப் போனால், சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தரும் வெள்ளை, மஞ்சள் குளிசைகளை ஒரு கேள்வியும் இல்லாமல் வாங்கி வருகிறோம். "காலையில ஒண்டு, இரவைக்கு ஒண்டு." அவ்வளவுதான் நமக்குத் தெரியும். மருந்தின் பெயர் தெரியாது, எத்தனை மில்லிகிராம் என்று தெரியாது, காலாவதித் திகதியும் தெரியாது.

இது சின்ன விசயமில்லை. அன்றிரவு அந்தப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கினால், ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்பது "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்றுதான். பெயரில்லாத உறையை நீட்டினால் அவர் என்ன செய்வார்? பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அமொக்சிசிலினும் ஆபத்து. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கும் மருந்து. அதைத் தினமும் எடுத்தால் உயிரே போகலாம். உறையில் எழுதும் ஒரு சொல்லில்தான் வித்தியாசம் இருக்கிறது.

நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இயங்குகிறது. பாமசி நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும், பதிவுபெற்ற மருந்தாளர் இருக்க வேண்டும், டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக்கூடாது. ஆனால் சில இடங்களில் மருந்தாளரின் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆளைக் காணமுடியாது.

தரமற்ற இம்யூனோகுளோபியூலின் கொள்வனவு விவகாரத்தில் 2024இல் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதானபோது நாமெல்லாம் கொதித்தோம். சரிதான். அந்தக் கோபத்தில் கொஞ்சமாவது சந்தியில் இருக்கும் பாமசி வரைக்கும் வர வேண்டாமா?

"சனல் பண்ணக் காசில்ல, அதனாலதான் பாமசிக்குப் போறோம்" என்பார்கள். அது உண்மை. கூலி வேலைக்குப் போகிறவருக்குப் பாமசிதான் டொக்டர். 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து இல்லாமல் "வெளியில எடுங்க" என்று துண்டு எழுதித் தந்தார்கள். இப்படி ஏழைகள் பாமசியை நம்பியிருப்பதால்தான் அங்கே தரம் இருக்க வேண்டும் என்கிறோம். வசதியுள்ளவர் ஒரு மருந்து பிழைத்தால் கொழும்புக்குப் போவார். மற்றவர் எங்கே போவார்?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நேர்மையாகப் பாமசி நடத்துகிறவர்கள் நமது ஊர்களில் இருக்கிறார்கள். "துண்டு இல்லாம அன்டிபயோட்டிக் தரமாட்டன்" என்று அவர் சொன்னால், "அடுத்த கடையில தருவாங்க" என்று நம்மில் பலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். ஒழுங்காக இருப்பவருக்கு வியாபாரம் குறைகிறது, கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுப்பவருக்குக் கூடுகிறது. இப்படியே போனால் எந்தச் சட்டம் வந்து என்ன பயன்?

அதனால் நாம் செய்யக்கூடிய சிலதைச் செய்வோம்.

உறையில் மருந்தின் பெயர், மில்லிகிராம், எடுக்கும் முறை மூன்றையும் எழுதித் தரச் சொல்வோம். குளிசை அட்டையை வெட்டும்போது திகதி அடித்திருக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குவோம். அந்தத் துண்டு போய்விட்டால் மிச்சக் குளிசைக்கு வயது தெரியாது. எதற்கு அலர்ஜி என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நாமே சொல்வோம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டியது. கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று கேட்பதில் தப்பில்லை. பில் கேட்டு வாங்குவோம்.

அடுத்தது, பாடசாலை. உம்மா காசு கொடுத்து பாமசிக்கு அனுப்புவது பெரும்பாலும் நமது வகுப்பில் இருக்கும் பிள்ளையைத்தான். எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு மருந்து அட்டையை வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பாடவேளை போதும். ஆசிரியர்கள் நாம் அதைச் செய்யலாம். பள்ளி நிர்வாகங்களும் ஊரிலுள்ள மருந்தாளர் ஒருவரை அழைத்து ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் பேசவைக்கலாம்.

அளவையிலும் நிறுவையிலும் மோசடி கூடாது என்று கற்ற சமூகம் நாம். அரிசிக்கு உள்ள கணக்கு மருந்துக்கும் உண்டு. வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் கவனமாக இருப்பார்.