இருபது நிமிடமும் ஒரு கண்ணாடிக் குழாயும்

களை பறிக்கப் போன பெண் கண்ணாடிவிரியன் கடித்துச் செத்துப்போனால் நம் ஊர்களில் "விதி முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக் கலைந்துவிடுகிறார்கள். அவர் யாருடைய வயலில், யாருக்காக, வெறுங்காலோடு நின்றார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மில்லில் கை போனால் அது தொழில் விபத்து. வரப்பில் உயிர் போனால் மட்டும் ஏன் விதி?

தோழர்களே, இந்தச் சாவு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். காயம் பட்டால் ரத்தத்தில் உள்ள புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, கடைசியில் ஃபைப்ரினோஜன் வலைபோலப் பின்னி ரத்தத்தை உறைய வைக்கும். கண்ணாடிவிரியனின் விஷம் இந்தச் சங்கிலியை உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் முடுக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் எங்கெங்கோ உறைந்து உறைந்து, இருந்த ஃபைப்ரினோஜன் எல்லாம் தீர்ந்துபோகிறது. பிறகு உறைய வேண்டிய இடத்தில் உறையாது. ஈறில் கசியும், சிறுநீரில் ரத்தம் போகும், சிறுநீரகம் கெடும், சிலருக்கு மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும். இந்த நிலையில் வைட்டமின் கே ஊசி போட்டுப் பயனில்லை. விஷத்தை முறிக்கும் மருந்து ஏறினால்தான் ஈரல் புதிதாக உண்டாக்கும் ஃபைப்ரினோஜன் தங்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, மருந்தைத் தொடங்க வேண்டும். மருந்து கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் வைத்தாலும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் வைத்தாலும் முடிவு தவறும்.

இதே விஷங்களை மருத்துவ உலகம் எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறது தெரியுமா? 1930களில் லண்டனில் ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தக்கசிவை நிறுத்தக் கண்ணாடிவிரியன் விஷத்தை நீர்த்துக் காயத்தில் வைத்தார்கள். சுருட்டைவிரியன் விஷத்திலுள்ள ஒரு புரதத்தைப் பார்த்து வடிவமைத்த டைரோஃபிபான், இன்று மாரடைப்பு நோயாளிகளுக்கு ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கப்படுகிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பாம்பிடம் கடிபடுகிறவருக்கு ஒரு கண்ணாடிக் குழாய்கூட உறுதியில்லை.

விஷமுறிவு மருந்தும் வானத்திலிருந்து வருவதில்லை. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷம்தான் இந்த நாட்டின் மருந்துக்குப் பெரும் ஆதாரம். அதைக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்து தயாராகிறது. பழங்குடிகளின் கைத்திறனில் பிறந்த மருந்து, கூலிக்காரர் வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்வரை வந்து சேர வேண்டாமா?

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது, வரவேற்கிறேன். ஆனால் தலைகளை எண்ணினால் போதாது. கடிபட்டவரின் தொழில், சாதி, கடித்த இடம், முதல் குப்பி மருந்து ஏறிய நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். இல்லையென்றால் சேரிக்காரர் சாவு வெறும் எண்ணாகவே போய்ச் சேரும்.

மருத்துவர்கள் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. இந்த மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும். அதற்கு அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் வழி. முதல் மருந்தைக்கூடக் கொடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்புவது அல்ல.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்: விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி கையிருப்பு? அட்ரினலின் உண்டா? இரவில் யார் பணியில்? கண்ணாடிக் குழாய் இருக்கிறதா? வாய்ப்பேச்சில் பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள்.