குழந்தைக்கேற்ற கணினி

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில் அமைந்துள்ள சிறுநகரம் சுங்கை பாக்காப். அங்குள்ள ஒரு வீட்டில், முதலாம் ஆண்டில் பயிலும் சிறுமி ஒருத்தி முதன்முதலாகக் கணினியின் முன் அமர்வதாக எண்ணிப் பார்க்கலாம். அது அண்ணன் பயன்படுத்திய பழைய மடிக்கணினி. திரை முழுவதும் சிறுசிறு படங்கள். அவற்றின் கீழே அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாத ஆங்கிலச் சொற்கள். சுட்டியைச் சற்றே நகர்த்தினாலும் அம்புக்குறி எங்கோ ஓடி மறைகிறது. எதையோ அழுத்தியதும் ஓர் அறிவிப்புத் தோன்றி, ஆம் என்றோ இல்லை என்றோ பதில் கேட்கிறது. “எதையாவது கெடுத்துவிடாதே, தள்ளிப் போ!” என்று அண்ணன் அதட்டுகிறான். அன்று அவள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்தக் கருவி தனக்குரியது அன்று.

தவறு அந்தச் சிறுமியுடையது அன்று. நாம் அன்றாடம் காணும் கணினித் திரை, அலுவலகப் பணியாளரை மனத்தில் கொண்டு உருவானது. மேசை, கோப்பு, கோப்புறை, குப்பைத்தொட்டி என அதன் பெயர்களும் படங்களும் அலுவலகத்திலிருந்தே வந்தவை. அலுவலகத்தையே காணாத ஏழு வயதுக் குழந்தை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என எதிர்பார்ப்பது, செருப்புக்காகக் காலை வெட்டுவதற்கு ஒப்பாகும். கணினியைத்தான் குழந்தைக்கேற்ப மாற்றியமைக்க வேண்டும்.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 1967ஆம் ஆண்டிலேயே சிறுவர்களுக்காக ‘லோகோ’ என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். குழந்தை கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என்பதே பேப்பர்ட்டின் கொள்கை. அவ்வழியில் வந்ததுதான், வளரும் நாடுகளின் பிள்ளைகளுக்காக 2007ஆம் ஆண்டு வெளிவந்த மடிக்கணினியில் இடம்பெற்ற ‘சுகர்’ என்னும் இடைமுகம். அதன் முதற்பக்கத்தின் நடுவில் குழந்தையைக் குறிக்கும் உருவம் ஒன்று இருக்கும். அதன் நிறத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கலாம். அவ்வுருவத்தைச் சுற்றி வரைதல், எழுதுதல், இசைத்தல் முதலிய நடவடிக்கைகள் வட்டமாக அமைந்திருக்கும். செய்த வேலை தானாகவே ஒரு நாட்குறிப்பில் பதிவாகிவிடும்.

இன்று நம் வீட்டுக் கணினியிலும் இத்தகைய வசதிகளைப் பெறலாம். ‘ஜிகாம்ப்ரீ’ என்னும் இலவச மென்பொருளில் உள்ள ஒரு பயிற்சியில், குழந்தை சுட்டியை நகர்த்த நகர்த்த, திரையை மூடியிருக்கும் கட்டங்கள் அழிந்து மறைந்திருந்த படம் தெரியும். அடுத்த பயிற்சியில் ஒருமுறை சொடுக்க வேண்டும், அதற்கடுத்ததில் இருமுறை. இவ்வாறு விளையாட்டாகவே கை பழகிவிடுகிறது. ‘டக்ஸ் பெயிண்ட்’ என்னும் ஓவிய மென்பொருளைத் தமிழிலேயே பயன்படுத்தலாம். வரைந்த படத்தைச் சேமிக்கும்போது அது கோப்புக்குப் பெயர் கேட்பதில்லை. பிறகு குழந்தை படத்தைப் பார்த்தே எடுத்துக்கொள்ளும். அச்சிடும் வசதியை நிறுத்தி வைக்கவும் பெற்றோருக்கு அதில் வழி உண்டு.

மொழியும் இங்கு முக்கியமானது. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒரே ஆண்டில் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளையும் கற்கத் தொடங்குகிறார். அவரைத் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துகளால் தட்டச்சு செய்யச் சொன்னால் குழப்பமே மிஞ்சும். 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஏற்கப்பட்ட ‘தமிழ் 99’ விசைப்பலகையில் அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளை அழுத்தினால் ‘அம்மா’ என்னும் சொல் தோன்றும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என வகுப்பில் ஆசிரியர் கற்பிப்பதையே விசைப்பலகையும் கற்பிக்கிறது. 1985ஆம் ஆண்டில் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். கணினித் தமிழுக்கு வழிவகுத்த நாட்டில், தமிழ்க் குழந்தையின் முதல் கணினித் திரை தமிழில் இல்லாதிருப்பது வருந்தத்தக்கது.

இதனைச் சிலர் மறுப்பர். நாளை எப்படியும் பெரியவர்களின் கணினியைத்தான் பயன்படுத்தப் போகிறார்கள். இன்று எளிமையாக்கிக் கொடுத்தால் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிடுவர் என்பது அவர்களின் வாதம். கல்வி அமைச்சின் ‘டெலிமா’ தளத்தில் நுழைவதற்குக்கூட மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், மிதிவண்டி பழகும் குழந்தைக்குப் பின்னால் இரு சிறு சக்கரங்களைப் பொருத்துவதை எவரும் குறைகூறுவதில்லை. சமநிலை வந்ததும் அவற்றைக் கழற்றிவிடுகிறோம். கணினியிலும் அவ்வாறே, குழந்தை தேர்ச்சி பெறப் பெற வசதிகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட வேண்டும். கழற்றாமலே விடப்பட்ட சக்கரம் துணையாகாது, தடையாகிவிடும்.

அதே வேளையில், நல்ல திரை ஒன்றே போதும் என நம்புவதும் தவறாகும். பெரு நாட்டில் சுகர் இடைமுகம் கொண்ட மடிக்கணினிகள் ஏராளமான மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் மேற்கொண்ட ஆய்வின் முடிவுகள் 2012ஆம் ஆண்டில் வெளிவந்தன. கணிதத்திலும் மொழியிலும் அம்மாணவர்களின் அடைவுநிலை உயரவில்லை என அவை காட்டின. கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. அருகில் அமர்ந்து வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

ஆகவே, சுங்கை பாக்காப் சிறுமியின் வீட்டில் செய்ய வேண்டியவை அரிய செயல்கள் அல்ல. அவளுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கலாம். அம்புக்குறியைப் பெரிதாக்கி, அதன் வேகத்தைக் குறைக்கலாம். தேவையான நான்கைந்து படங்களை மட்டும் திரையில் வைத்து, அவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதலாம். இவை அனைத்தையும் அவள் உறங்கும்போது செய்து முடிக்காமல், அவளைப் பக்கத்தில் அமர்த்திச் செய்ய வேண்டும். திரையின் நிறத்தையும் படங்களின் வரிசையையும் அவளே முடிவு செய்யட்டும். தள்ளிப் போகச் சொன்ன அண்ணனே இவ்வேலைக்கு ஏற்ற ஆசிரியன். கணினி தன் சொல் கேட்கும் என்று ஒருமுறை உணர்ந்த குழந்தை, பின்னர் எந்தத் திரையைக் கண்டும் அஞ்சாது.