வளையத்தின் கீழே நிற்பவள்



வெள்ளவத்தையில் ஒரு தாய் மகளின் உயரத்தைச் சொல்லிக் கவலைப்பட்டார். "இப்படியே வளர்ந்தால் இவளை எங்கை கட்டிக் குடுக்கிறது, தங்கச்சி?" நான் தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிச் சொன்னேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உயரம் 6 அடி 10 அங்குலம். 2009, 2018, 2022 ஆம் ஆண்டுகளில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் இருந்தவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் போட்டவரும் அவரே.

உயரந்தானே, நின்றபடி போட்டுவிடலாம் என்பார்கள். வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. பந்து கைக்கு வந்தால் 3 விநாடிதான். அதற்கு முன்பே இரண்டு காவலர்கள் முன்னும் பின்னும் நெருக்குவார்கள். பிடித்த இடத்தை விடாமல் நிற்பதுதான் பெரிய பாடு. இடம் போனால் உயரத்தால் என்ன பயன்? பந்து பறிபோனதும் அவரே காவலராகி எதிரணியின் எறிதலை மறிக்கவேண்டும். இந்த உழைப்பெல்லாம் கோல் கணக்கில் ஏறாது. (நம் வீட்டு வேலை எந்தக் கணக்கில் ஏறியது?)

விளையாட்டால் சோறு கிடைக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கொழும்பில் சில வங்கிகளும் நிறுவனங்களும் பெண்கள் அணி வைத்திருக்கின்றன. தர்ஜினி செலான் வங்கி அணிக்கு ஆடியவர். பின்னர் மெல்பேர்ண் கழகமொன்றுக்கும் போய் ஆடினார்.