அந்த முகம் யாருடையது?

2020 நவம்பர் 17 அன்று தென்கொரியாவின் எஸ்பா குழு ‘பிளாக் மாம்பா’ என்ற ஒற்றைப் பாடலோடு அறிமுகமானது. கரீனா, ஜிசெல், விண்டர், நிங்நிங் என நான்கு இளம்பெண்கள். ஒவ்வொருவருக்கும் கணினியில் உருவான ஓர் அவதாரம். ஒரே நாளில் யூடியூபில் இரண்டு கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்ட அந்தக் காணொளியைப் புதுமை மோகம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. அது எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது.

பாடலுக்குப் பின்னால் ஒரு புனைகதை உண்டு. இணையத்தில் நாம் விட்டுச்செல்லும் தகவல்கள் திரண்டு நம் அவதாரமாகின்றன. பெண்ணுக்கும் அவதாரத்துக்கும் இடையிலான இணைப்பைப் பிளாக் மாம்பா என்ற பாம்பு குலைக்கிறது. எஸ்பாவை உருவாக்கிய எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் நிறுவனர் லீ சூ-மான் அக்காலத்தில் ஒரு முழுப் பிரபஞ்சத்தையே இப்படிக் கட்டிக்கொண்டிருந்தார். ஒருத்தியின் வாழ்விலிருந்து பிறந்த உருவம் அவளுக்கே உரியது என்று அவருடைய கதை ஒப்புக்கொள்கிறது. இசைத்தொழில் அதை ஒப்புக்கொள்ளுமா?

அந்த நிறுவனத்தின் பழைய வரலாறு நம்பிக்கை தருவதாயில்லை. 2009இல் அதன் புகழ்பெற்ற ஆண்கள் குழுவான டிவிஎக்ஸ்க்யூவின் மூவர், பதின்மூன்று ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டில் கொரிய நியாய வணிக ஆணையம், ஏழாண்டை வரம்பாகக் கொண்ட மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. மனிதர்களை ஏழாண்டுக்கு மேல் கட்டிவைப்பது கடினம். வழக்குப் போடாத, வயதாகாத, விலகிப்போகாத அவதாரத்தின் மீது எந்த நிறுவனத்துக்கும் ஆசை வரும்.

ஆனால் சுமக்கிறவர்கள் மனிதர்கள்தாம். ‘பிளாக் மாம்பா’ காணொளியையே பாருங்கள். அவதாரங்கள் தலைகாட்டி மறைகின்றன. கனத்த மின்னிசைத் தாளத்தைத் தூக்கி நிறுத்துபவை நான்கு பெண்களின் குரலும் காலும் மூச்சும். 2024 மார்ச்சில் தன் காதல் செய்தி வெளியானதற்காகக் கரீனா ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கைப்படக் கடிதம் எழுத நேர்ந்தது. இருபத்து மூன்று வயதில் ஒருவரை நேசித்ததற்கு மன்னிப்பு! அவளுடைய அவதாரத்திடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

சட்டம் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. உயிருள்ள கலைஞர்களின் அசைவைப் பதிவுசெய்து அவதாரங்களாகவே மேடையேறும் பிளேவ் குழுவைப் பற்றிய வழக்கில், அவதாரத்தை இழிவுபடுத்துவது அதன் பின்னால் இருப்பவரை இழிவுபடுத்துவதே என 2025இல் ஒரு கொரிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு இழப்பீடு வழங்கச் சொன்னது. தொகை சிறியது, ஏற்கப்பட்ட கொள்கை பெரியது. அதற்கு முந்தைய ஆண்டு, டீப்ஃபேக் ஆபாசப் படங்களை வைத்திருப்பதும் பார்ப்பதுமே குற்றம் என அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பள்ளி மாணவியரின் முகங்கள்கூடச் சூறையாடப்பட்ட பிறகு வந்த சட்டம் அது. எஸ்பாவின் அவதாரத் திட்டம் வெளியானபோதே இந்த அபாயத்தைச் சுட்டிக்காட்டியவர்கள் இருந்தார்கள். செவிகொடுத்தவர்கள் குறைவு.

அவமதிப்பு என்று வரும்போது அவதாரமும் ஆளும் ஒன்றென்றால், உரிமை என்று வரும்போது மட்டும் எப்படி வேறாக முடியும்? அவதாரம் வந்ததால் கலை செத்துவிட்டது என்று புலம்புவோரோடு நமக்கு உடன்பாடில்லை. பொம்மலாட்டத்தை வளர்த்த சமூகங்கள் அப்படிப் பேச முடியாது. நமக்கு வேண்டியது ஒப்பந்தத்தில் ஒரு தெளிவான பிரிவு: பாடகி விலகும் நாளில் அவளுடைய முகமும் குரலும் கொண்டு செய்த உருவம் அவளோடு போக வேண்டும், அவள் சம்மதமின்றி அது பாடவோ விளம்பரத்தில் சிரிக்கவோ கூடாது, அது ஈட்டும் பணத்தில் அவளுக்குப் பங்கு வேண்டும்.

ஏழாண்டு அளவுகோலை வைத்துப் பார்த்தால் 2027 நவம்பர் எஸ்பாவுக்கு முக்கியமான மாதம். அதற்கு முன்பே இந்தப் பிரிவு மாதிரி ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். கொரிய ரசிகர் சங்கங்கள் எதிர்ப்பைக் காட்ட மின்திரை வண்டிகளை நிறுவனங்களின் அலுவலக வாசலில் நிறுத்திப் பழகியவை. இம்முறை அந்தத் திரைகளில் இந்தக் கோரிக்கை ஒளிரட்டும்.